நங்கூரம் முன்னால் நடந்த நாள்

பாய்லர்காரருக்கு ஒன்பது வருடமாக ஒரு வயிற்றெரிச்சல். ஊரில் யார் வாயைத் திறந்தாலும் அவர் மனைவியைப் பற்றி ஒரே பேச்சுதான். விட்டுட்டா. காய்கறிக் கடையில் அதுதான், பஸ் நிறுத்தத்தில் அதுதான், ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கும் வரிசையிலும் அதுதான். "அதோ போறாங்க பாரு, ஜெயிக்க வேண்டிய கயித்தை விட்டுக் குடுத்தாங்களே, அவங்க." சிலர் இதை இரக்கத்தோடு சொல்வார்கள். அதுதான் அவருக்கு இன்னும் எரியும். திட்டுகிறவனைத் திருப்பித் திட்டலாம். ஐயோ பாவம் என்கிறவனை என்ன செய்வது?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் சலூன் நாற்காலியில் இருந்தார். வலது கன்னம் முடிந்துவிட்டது. இடது கன்னத்தில் சோப்பு நுரை. பெஞ்சில் காத்திருந்த ஒருவர், ஊருக்குப் புதுசு போல, சுவரில் ஒட்டியிருந்த கயிறு இழுக்கும் போட்டி நோட்டீஸைப் பார்த்துவிட்டு, இங்கே எந்த டீம் பலம் என்று கேட்டார்.

"முந்தியெல்லாம் லாண்டரி டீம்தான் சார்," என்றார் சலூன்காரர். "எட்டுப் பொம்பளைங்க. பார்த்தாலே எதிராளி பாதி தூரம் வந்துடுவான். ஒரு ஃபைனல்ல கடைசி ஆள் விட்டுட்டாங்க. அதோட போச்சு." பிறகுதான் நாற்காலியில் இருப்பது யார் என்று நினைவுக்கு வந்தது. "அண்ணே, தப்பா நெனைச்சுக்காதீங்க. பயம் எல்லாருக்கும் வர்றதுதானே. ஒரு தடவை அடிபட்டவங்க."

பாய்லர்காரர் கழுத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். நாலாக மடித்து நாற்காலிக் கையில் வைத்தார். ஒரு வார்த்தை பேசாமல், ஒரு பக்கம் வழவழப்பும் ஒரு பக்கம் நுரையுமாகத் தெருவில் இறங்கி நடந்தார்.

பேசியிருந்தால் எல்லாம் பேசவேண்டி வரும். எல்லாம் என்றால், நிறைய இருந்தது.

அவர் வேலை பார்த்த இடம் ஒரு சலவை ஆலை. நாலு ஆஸ்பத்திரி, ஏழெட்டு விடுதி, இவற்றின் படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் தினமும் லாரியில் வந்து இறங்கும். அவருக்கு பாய்லர் அறை. வெந்நீரும் நீராவியும் அவர் கையில். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. மீதியை இரும்பும் நெருப்பும் சொல்லிக்கொடுத்தன. ஆள் முரடு. சிரித்தால் யாரோ செத்துவிட்டார்களோ என்று பயப்படுகிற மாதிரி ஒரு முகம். ஆனால் ஒரு வினோதப் பழக்கம் அவருக்கு. தொங்குகிற நுனி எதையும் பார்க்கப் பொறுக்காது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவருடைய இடுப்புக் கயிறு காற்றுப் பம்பின் பெல்ட்டில் சிக்கி ஆளையே இழுத்ததை நேரில் கண்டவர். அன்றிலிருந்து நுனி தொங்கினால் கை தானாகப் போய்ச் செருகிவிடும், அல்லது முடிந்துவிடும். எதிரே நிற்கிறவரின் செருப்பு வாராகவே இருந்தாலும் குனிந்து சரிசெய்துவிட்டுத்தான் பேசுவார்.

நங்கூரம் ஈரத் துணிப் பகுதியில் இருந்தாள். டிரம்மிலிருந்து வெளியே வரும் விரிப்பு தண்ணீரோடு எவ்வளவு கனக்கும் என்பது தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். இரண்டு பேர் தூக்குகிற கூடையை அவள் ஒருத்தி இடுப்பில் வைத்துக்கொண்டு, கூடவே கதையும் பேசிக்கொண்டு போவாள். ஆலையின் டீமில் அவள் எட்டாவது ஆள், கயிற்றின் கடைசி. கடைசி ஆளுக்கு நங்கூரம் என்று பேர். அந்தப் பேரே அவளுக்கு நிலைத்துவிட்டது. சம்பளச் சீட்டில் வேறு பேர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள்.

நங்கூரம் கயிறு பிடிக்கும் விதம் தனி. மற்ற ஏழு பேர் கையால் மட்டும் பிடிப்பார்கள். நங்கூரம் கயிற்றை அக்குளுக்கு அடியில் விட்டு, முதுகில் குறுக்காக ஏற்றி, அடுத்த தோள் வழியாக முன்னால் கொண்டுவருவாள். மிச்சக் கயிறு, அதாவது வால், தரையில் சும்மா கிடக்கவேண்டும். முடிச்சு போடக்கூடாது. அது விதி. முடிச்சு போட்டு மாட்டினால் அந்த ஆளுக்கு ஆயுசுக்கும் ஆட்டம் கிடையாது. காரணம் சுலபம். தோற்கும்போது ஏழு பேரும் கையை விட்டு விலகிவிடலாம். நங்கூரமும் தோளைத் தாழ்த்தி உருவிக்கொள்ளலாம். முடிச்சு இருந்தால் முடியாது.

கயிற்றைக் காயவைப்பது பாய்லர் அறையில். அதனால் கயிற்றுக்குக் காவல் பாய்லர்காரர்தான். ஆட்டத்தன்று கூடவே போய்க் கயிற்றை விரித்து, சிக்கெடுத்துக் கொடுப்பார். போவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவளைத் தவிர ஆலை முழுக்கத் தெரியும்.

முதல் ஃபைனல் அன்று தூறல். டீமுக்கு ஓர் இழுப்பு ஜெயித்தாயிற்று, மூன்றாவதுதான் முடிவு. நங்கூரம் குனிந்து குதிகாலால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தாள். பாய்லர்காரர் கடைசியாக ஒரு தடவை கயிற்றைப் பார்க்க வந்தார். வால் சேற்றில் தொங்கிக் கிடந்தது. அவர் கண் அதைப் பார்த்தது. அவர் கை அதை எடுத்து, அவள் இடுப்புப் பட்டைக்குள் செருகி, ஒரு சுருக்கு. இரண்டு நொடி வேலை. மூளைக்குச் செய்தியே போகவில்லை. நடுவர் விசில் ஊதினார்.

எதிர் டீம் ஒரே மூச்சில் சேர்ந்து இழுத்தது. முன்னால் நின்ற ஏழு பேருக்கும் கால் வழுக்கியது. ஏழு பேரும் கயிற்றை விட்டார்கள். நங்கூரம் தோளை உருவப் பார்த்தாள். வரவில்லை. எட்டுப் பேரின் இழுப்பு ஓர் ஆள்மேல் விழுந்தது. முப்பதடி தூரம் அவள் சேற்றில் இழுபட்டாள்.

முதலில் ஓடியது பாய்லர்காரர். சட்டைப் பையிலிருந்த கத்தியால் கயிற்றை இரண்டு இடத்தில் அறுத்தார். அறுத்தபோதுதான் கையில் வந்த துண்டைப் பார்த்தார். அது அவர் போட்ட முடிச்சு. எந்தக் கூட்டத்தில் பார்த்தாலும் தன் முடிச்சு அவருக்குத் தெரியும். துண்டைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

வலது தோள் கிழிந்துவிட்டது. மூன்று விலா எலும்பு முறிந்தது. கை இனி நெஞ்சுக்கு மேலே எழும்பாது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் அவள் தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், "யாரையும் குத்தம் சொல்லாத. பயத்துல நானே இன்னொரு சுத்து சுத்திட்டேன் போல." பாய்லர்காரர் கட்டிலின் கால்மாட்டில் பழப் பையோடு நின்றார். அந்த நிமிஷம் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. அடுத்த நிமிஷம் அது இன்னும் கஷ்டமாகிவிட்டது. அவள் எட்டு மாதம் படுத்திருந்தாள். எட்டு மாதத்தில் எத்தனை நிமிஷம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்தவளை மடிப்பு மேசையில் போட்டார்கள். பெரிய விரிப்பு, ஆளுக்கு ஒரு முனை பிடித்து இழுத்து, சுருக்கம் போக்கி, எதிரும் புதிருமாக நடந்து மடிக்கவேண்டும். முதல் நாள் எதிர்முனையில் டீம் கேப்டன் இஸ்திரி அக்கா. துணியை இறுக்கினார்கள். நங்கூரத்துக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"அக்கா, யாருக்காக இப்படிப் பயந்து நடுங்குறீங்க?"

"நான் எங்கடி நடுங்குறேன்?"

"உள்ள நடுங்குறீங்க. எனக்கு இங்க வருது." அவள் தன் நெஞ்சைத் தொட்டாள்.

இஸ்திரி அக்கா துணியை அப்படியே போட்டுவிட்டு அழுதாள். அவளுடைய அம்மாவுக்கு மறுநாள் ஆபரேஷன். ஆலையில் யாருக்கும் சொல்லவில்லை.

அப்படித்தான் தெரியவந்தது. துணியோ கயிறோ கம்பியோ, இரண்டு பேர் நடுவே இறுகி நின்றால், மறுமுனையில் இருக்கிறவர் மனமும் உடம்பும் அவளுக்குள் வந்துவிடும். வார்த்தை வராது, பயம், வலி, சந்தோஷம், பசி, இவைதான் வரும். தொய்ந்தால் ஒன்றும் இல்லை. இது எப்படி என்று கேட்டால் பாய்லர்காரருக்குத் தெரியாது. நீராவி எப்படி இரும்பைத் தள்ளுகிறது என்பதும் அவருக்கு முழுசாகத் தெரியாது. தள்ளுகிறது, அவ்வளவுதான்.

ஆலையில் பெண்கள் இரண்டு கட்சியானார்கள். மனதில் பாரம் உள்ளவர்கள் அவளோடு மடிக்க வரிசையில் நின்றார்கள். ரகசியம் உள்ளவர்கள் துணியைத் தொளதொளவென்று பிடித்தார்கள். அந்த வாரம் ஆஸ்பத்திரிகளுக்குப் போன விரிப்பில் பாதி கசங்கலாகப் போய், சூப்பர்வைசர் மூன்று நாள் கத்தினார். கல்யாணமாகி நாலு மாதமான ஒருத்தியிடம் நங்கூரம், "ஏய், உனக்கு வாந்தி வருதுல்ல? வீட்ல சொல்லிட்டியா?" என்று கேட்டாள். அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

பாய்லர்காரர் மட்டும் மடிப்பு மேசைப் பக்கமே வரமாட்டார். கேட்டால் கையெல்லாம் கரி என்பார்.

"கழுவிட்டு வாங்க," என்பாள் நங்கூரம். "உங்ககிட்ட இல்லாத வெந்நீரா?"

"பாய்லரை விட்டுட்டு வர முடியாது."

"அது என்ன பச்சப் புள்ளையா, அழுவுமா?"

"அழாது. வெடிக்கும்," என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

ஆனால் தினமும் காலை அவள் வருவதற்கு முன்பே மடிப்பு மேசையில் ஒரு துண்டு இருக்கும். நீராவிக் குழாய்மேல் போட்டுச் சூடாக்கி, மூன்றாக மடித்தது. சரியாக ஒரு தோள் அகலம். அவள் அதை வலது தோளில் போட்டுக்கொண்டு வேலையை ஆரம்பிப்பாள். யார் வைத்தது என்று கேட்கவில்லை. கரிக் கை அடையாளம் ஓரத்தில் இருந்தது.

ஒரு நாள் காலை அவர் துண்டு வைக்க வந்தபோது அவள் ஏற்கெனவே வந்திருந்தாள். ஈரக்கூடை கவிழ்ந்து கிடந்தது. அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். யாரும் இல்லாத நேரம் பார்த்து, பழையபடி தூக்கிப் பார்த்திருக்கிறாள்.

"தினமும் தூக்கிப் பார்க்கிறேன்," என்றாள் அவர் முகத்தைப் பார்க்காமல். "இன்னைக்கு வந்துடும், நாளைக்கு வந்துடும்னு. நான்னா என் கைதானே? இப்ப நான் யாரு?"

பாய்லர்காரர் கூடையை நிமிர்த்தினார். ஈர விரிப்புகளை ஒவ்வொன்றாகக் கூடையில் போட்டார். கடைசியில், "இஸ்திரி அக்கா அம்மா நல்லாயிட்டாங்களாம். உன்னைக் கேட்டாங்களாம்," என்றார். துண்டை அவள் தோளில் போட்டார். அன்றுதான் முதல் தடவையாக மேசையில் வைக்காமல் தோளிலேயே போட்டது.

அடுத்த வருடம் டீமுக்கு எட்டாவது ஆள் கிடைக்கவில்லை. இஸ்திரி அக்கா நங்கூரத்திடம் வந்தாள்.

"நீ இழுக்கவே வேணாம்டி. கயித்தை இடது தோள்ல மாட்டிக்கிட்டு நில்லு. எவ சோர்ந்து போறா, எதிராளி எப்ப மூச்சு வாங்குறான்னு உனக்குத்தானே தெரியும். நீ சொல்லு, நாங்க இழுக்கிறோம்."

"கயித்தைப் பார்த்தாலே கை நடுங்குதுக்கா."

"நடுங்கட்டும். நடுங்குற கையில சொன்னாலும் சேதி சேதிதான்."

நங்கூரம் ஒரு வாரம் யோசித்தாள். பிறகு பாய்லர் அறைக்கே வந்தாள். காய்ந்த கயிறு சுவரில் வளையமாகத் தொங்கியது. அவள் அதைத் தொடாமல் தள்ளி நின்றாள்.

"பதினஞ்சு பேர் ஒரே சமயத்துல உள்ள வந்தா தாங்குமான்னு தெரியலை. முதல்ல ஒருத்தரோட பழகணும். துணி மடிக்கும் முற்றத்துல, சாயந்திரம். மறுமுனை நீங்க பிடிக்கிறீங்களா?"

"என்னை விட்டா ஆளில்லையா?"

"இருக்காங்க. உங்ககிட்டதான் பயப்படாம தோத்துப்போக முடியும்."

அன்று சாயங்காலம் வரை அவர் பாய்லர் முன்னால் உட்கார்ந்து யோசித்தார். கயிறு இறுகினால் அவளுக்குத் தெரிந்துவிடும். வார்த்தையாகத் தெரியாது, ஆனால் பாரம் தெரியும், கேட்பாள். வராமல் போனால் இனி எப்போதும் கேட்கமாட்டாள். கயிறே சொல்லட்டும் என்று விட்டுவிடலாம் என்றும் ஒரு எண்ணம் வந்தது. சீ, அது கோழைத்தனம், கயிற்றின்மேல் பழிபோடுவது என்று அவருக்கே வெறுப்பாக இருந்தது.

முற்றத்தில் அவள் கயிற்றின் ஒரு முனையை இடது தோளில் மாட்டியிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. மறுமுனை அவர் காலடியில் கிடந்தது. அவர் குனியவில்லை. சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து, அடித்தட்டிலிருந்து ஒரு துண்டுக் கயிற்றை எடுத்து அவள் கையில் வைத்தார். சேறு காய்ந்து அப்படியே இருந்தது.

"இது என்ன?"

"முடிச்சு. நான் போட்டது. நீ சுத்தினது சரியாத்தான் இருந்தது. வால் தொங்கிச்சு. என் கை சும்மா இருக்கலை." தூக்கை மூடினார். "பத்து மாசமா தூக்குல வச்சிருக்கேன். சோறு அதுக்கு மேலதான் வச்சுத் தின்னேன்."

அவள் முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தோளிலிருந்து கயிற்றைக் கழற்றிக் கீழே வைத்தாள். முடிச்சைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெளியே போனாள்.

மறுநாள் துண்டு மேசையில் வைத்தபடியே ஆறிக் கிடந்தது. அதற்கு மறுநாளும். மூன்றாம் நாளும் வைத்தார். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அது அவள் இஷ்டம், சூடாக்குவது தன் வேலை என்று.

நாலாம் நாள் மத்தியானம் பாய்லர் அறை வாசலில் நின்று, "யோவ், வெளிய வா," என்றாள். அதுவரை வாங்க போங்க என்றுதான் பேசியவள். "விரிப்பு மடிக்கணும்."

"கையெல்லாம்..."

"கரின்னு சொன்னே, இந்தக் கையாலயே குத்துவேன்."

அவர் கை கழுவிக்கொண்டு வந்தார். ஆலையில் இருந்த அத்தனை பெண்களும் வேலை செய்வது போல நடித்தார்கள். அவர் விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்தார். "இறுக்கு," என்றாள். இறுக்கினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவருக்கு வியர்த்தது.

"எட்டு மாசம்," என்றாள் மெதுவாக, "நான் என்மேல கோவமா இருந்தேன். என்னை நானே கட்டிப் போட்டுக்கிட்டேன்னு. அந்த எட்டு மாசத்தை நீ எனக்குத் திருப்பித் தர முடியுமா?"

"முடியாது."

"தெரியும்." கண்ணைத் திறந்தாள். "இங்க குத்த உணர்ச்சி மலை மாதிரி இருக்கு. அது நான் எதிர்பார்த்ததுதான். அதுக்குக் கீழ இன்னொன்னு இருக்கே, அது எத்தனை நாளா?"

பாய்லர்காரர் காது வரை சிவந்தார். "அது முடிச்சுக்கு முந்தியே இருக்கு," என்றார்.

இஸ்திரி அக்கா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு இருமினாள். அவர்கள் இருவரும் எதிரும் புதிருமாக நடந்து விரிப்பை மடித்தார்கள். இரண்டாக, நாலாக, எட்டாக. ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவே இருந்த தூரம் பாதியாகக் குறைந்தது. கடைசி மடிப்பில் அவர் கையிலிருந்த முனை அவள் கைக்குப் போனது. "நாளைலேருந்து சாயந்திரம் கயிறு," என்றாள். "வால் தொங்கினா பார்த்துக்கிட்டு சும்மா நிக்கப் பழகு. எனக்கு நடுக்கம் போகணும், உனக்கு அரிப்பு போகணும்."

இரண்டு மாதம் பழகினார்கள். முதல் நாள் அவள் மூச்சுத் திணறி உட்கார்ந்துவிட்டாள். பத்தாம் நாள் நின்றாள். பிறகு இஸ்திரி அக்கா ஒரு கை சேர்த்தாள், பிறகு இன்னொருத்தி. பாய்லர்காரர் வால் தொங்குவதைப் பார்த்தபடி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கக் கற்றார். சில நாள் அது பாய்லரைப் பிரித்து மாட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அந்த வருடம் லாண்டரி டீம் ஆடிய விதம் ஊருக்குப் புதுசு. நங்கூரம் இழுப்பதாகவே தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு, இடது தோளில் கயிற்றோடு நின்றபடி, தாழ்ந்த குரலில் சொல்வாள். "மூணாவது ஆள், மூச்சு விடு... இப்ப அவங்க இறங்குறாங்க... ஒண்ணு, ரெண்டு, போ." எட்டுப் பேரும் ஒரே உடம்பாகப் பின்னால் போவார்கள். அப்படியே ஃபைனல் வரை வந்துவிட்டார்கள்.

ஃபைனலில் எதிரே ஐஸ் ஃபாக்டரி. அவர்களுடைய நங்கூரம் ஓர் ஒல்லியான பெண்; ஐஸ்காரி என்று கூப்பிடுவார்கள். அந்த ஃபாக்டரியில் டீமுக்காகவே ஆள் எடுப்பார்கள். ஆட்டம் போனால் வேலையும் போகும்.

மூன்றாவது இழுப்பு. லாண்டரி டீம் முக்கால் தூரம் இழுத்துவிட்டது. கயிற்றின் நடுவே கட்டிய சிவப்புத் துணி கோட்டுக்கு இரண்டடியில் நின்றது. ஐஸ் ஃபாக்டரியின் முன்வரிசையில் ஒருத்தி விழுந்தாள், இன்னொருத்தி கையை விட்டாள். கூட்டம் எழுந்து நின்றது. பாய்லர்காரர் ஓரத்தில் நின்று நங்கூரத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் சட்டென்று வெளுத்தது. அவள் கை தன் இடுப்பைத் தொட்டது, வலது பக்கம், பட்டைக்குச் சற்று மேலே.

அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த இடத்தை அவர் மறக்க முடியுமா? மறுமுனையைப் பார்த்தார். ஐஸ்காரியின் பின்னால் வால் தொங்கவில்லை.

இன்னும் ஓர் இழுப்பு இழுத்தால் கோப்பை. மறுமுனையில் மீதிப் பேரும் கையை விடுவார்கள். ஒல்லியான அந்தப் பெண் மட்டும் வருவாள், முப்பதடி. நடுவரைக் கூப்பிட்டுச் சொல்லலாம். பிறகு அவளுக்கு ஆயுசுக்கும் ஆட்டம் இல்லை, வேலையும் இல்லை. கயிற்றைச் சட்டென்று விட்டால் எதிர்ப்பக்கம் எல்லோரும் மல்லாந்து ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள், அடியில் ஐஸ்காரி.

"நட," என்றாள் நங்கூரம்.

"என்னடி?" என்றாள் முன்னாலிருந்து இஸ்திரி அக்கா.

"தொய்ய விடாம முன்னாடி நடங்க. மெதுவா. நான் சொல்றேன்ல."

ஒருத்தியும் ஏன் என்று கேட்கவில்லை. கயிறு இறுகியபடியே, எட்டுப் பேரும் முன்னால் நடந்தார்கள். ஓர் அடி, இன்னோர் அடி. இழுப்பதைவிட அது கடினம். காலை முன்னால் வைக்கும்போது எதிர்ப்பக்கத்து இழுப்பையும் தாங்கவேண்டும், தடுக்கி விழவும் கூடாது. நங்கூரத்தின் நெற்றி நரம்பு புடைத்தது. பின்னாலிருந்து அவ்வளவு எடையையும் இடது தோளில் வாங்கி, மற்றவர்களைத் தள்ளாடவிடாமல் அவள்தான் இறக்கிக்கொண்டு போனாள். கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. முதலில் அமைதி, பிறகு கூச்சல். விட்டுட்டா. விட்டுக் குடுத்துட்டா. சிவப்புத் துணி மறுபக்கக் கோட்டைத் தாண்டியது. விசில்.

ஐஸ்காரி நின்ற இடத்திலேயே நின்றாள். ஜெயித்தவள் முகமாக அது இல்லை. முடிவில் இரண்டு நங்கூரங்களும் கைகொடுப்பது வழக்கம். நம்ம நங்கூரம் மைதானத்தைக் கடந்து போய் அவளைக் கட்டிக்கொண்டாள். நீண்ட நேரம் கட்டிக்கொண்டாள். நல்ல மனசு என்று நடுவர் தலையாட்டினார். பாய்லர்காரர் மட்டும் அவளுடைய இடது கை விரல்களைப் பார்த்தார். அவை ஐஸ்காரியின் இடுப்பில், பட்டைக்கு அடியில், ஒரு முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தன. அவிழ்ந்த வால் புல்லில் விழுந்தது.

திரும்பும் வண்டியில் இஸ்திரி அக்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "நீ சொன்னே, நடந்தோம். காரணம் கேட்டா அது டீம் இல்ல." நங்கூரம் தலையை ஜன்னலில் சாய்த்துக்கொண்டாள். அவரிடம் மட்டும், "யார்கிட்டயும் சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணு," என்றாள். பண்ணினார். ஆறு மாதம் கழித்து அவர்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள். மரியாதை மறுபடி வாங்க போங்கவுக்குத் திரும்பியது; கோபம் வந்தால் மட்டும் யோவ்.

இந்தச் சத்தியத்தைத்தான் அவர் ஒன்பது வருடமாக வாய்க்குள் வைத்துக்கொண்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை பாதிச் சவரத்தோடு வீட்டுக்கு வந்தார்.

அவள் பின்கட்டில் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள். "என்ன, ஒரு பக்கம் புது மாப்பிள்ளை, ஒரு பக்கம் பழைய மாப்பிள்ளையா வந்திருக்கீங்க?"

காய்ந்த நுரை கன்னத்தில் இழுத்தது. அவள் படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளை அவர் கையில் கொடுத்தாள். "பிடிங்க." பிடித்தார், தொளதொளவென்று.

"ஆஸ்பத்திரிக்கா அனுப்புறீங்க கசங்கலா? இறுக்குங்க."

இறுக்கினார். அவள் கண்ணை மூடினாள்.

"சலூன்லயா?"

"ம்."

"விட்டுட்டாங்கன்னாரா?"

"உனக்குத்தான் துணியில வார்த்தை வராதே."

"இந்த ஒரு வார்த்தைக்குத்தான் உங்களுக்கு இப்படிக் கொதிக்கும். வேற எதுக்கு?"

"அந்த ஐஸ்காரி இந்த ஊரை விட்டுப் போயே நாலு வருஷம் ஆச்சு," என்றார் அவர். "இப்ப சொன்னா யாருக்கு என்ன நஷ்டம்? பயந்துட்டாளாம். அடிபட்டவளாம். எத்தனை நாள் கேட்டுக்கிட்டு இருக்கிறது?"

"சொன்னா ஒரு முடிச்சோட நிக்காது. முந்தின வருஷம் உங்க பொண்டாட்டி இடுப்புல முடிச்சு போட்டது யாருன்னு கேப்பாங்க. அதையும் சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்."

விரிப்பு தொய்யவில்லை. அவள் மறுமுனையில் அவர் சொன்னதைத் துணி வழியாகச் சரிபார்ப்பவள் போல நின்றாள். முகம் மெதுவாக இளகியது.

"சொல்லுவீங்கதான்," என்றாள். "எனக்குத் தெரிஞ்சாப் போதும். விட்டேன்தானே, அவர் பொய் சொல்லலியே. அன்னைக்குத்தான் நான் கூடையைத் தூக்கிப் பார்க்கிறதை நிறுத்தினேன். அதை ஊருக்கு எப்படிச் சொல்லுவீங்க?"

எதிரும் புதிருமாக நடந்தார்கள். இரண்டாக, நாலாக. கடைசி மடிப்பில் முனை அவள் கைக்குப் போனது. அவள் வலது கையை எடுத்தாள், அது நெஞ்சு உயரம்தான் வரும், அவர் குனிந்தார். கன்னத்தில் காய்ந்திருந்த நுரையை விரலால் வழித்தாள்.

"போய் மீதியையும் எடுத்துட்டு வாங்க," என்றாள். "அவர் என்ன சொன்னாலும் பேசாம உக்காந்திருங்க. தலையை ஆட்டாதீங்க, கத்தி பட்டுடும்."